இன்று மாலை ஆள் வந்தாக வேண்டும்

லண்டனில் 1952 நவம்பர் 25 முதல் நடந்துவரும் நாடகம் 'தி மவுஸ்டிராப்'. அகதா கிறிஸ்டி எழுதியது. அதன் தொடக்கத்தில், மேடையில் இருக்கும் வானொலிப் பெட்டியிலிருந்து ஒரு செய்தி வாசிக்கப்படும்: ஒரு கொலை நடந்திருக்கிறது, போலீஸ் ஒருவரைத் தேடுகிறது. வாசிக்கும் குரல் டெரிக் கைலர் என்ற நடிகருடையது. அவர் 1999 இல் காலமாகிவிட்டார். ஆனால் நாடகம் தொடங்கிய காலத்தில் பதிவு செய்த அவருடைய குரல் இன்றும் மாலைதோறும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. எழுபது வருடத்தில் அந்த மேடையில் ஏறி இறங்கிய நடிகர்கள் எத்தனையோ பேர். முதல் தயாரிப்பிலிருந்து மாறாமல் இருப்பவை கணப்படுப்பின் மேலுள்ள கடிகாரமும் இந்தக் குரலும்தான்.

நாடகத் தொழிலைப் பற்றி ஏதாவது செய்தி கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு இந்தக் குரல் நினைவுக்கு வரும். டிக்கெட் விலை எகிறிவிட்டது, இசைக்குழுவைப் பாதியாக்கிவிட்டார்கள், எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், அரசு மானியம் வெட்டு, கணினி உருவாக்கிய நடிகை என்று வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றும் தனிப் பிரச்சினை போலத்தான் எழுதப்படுகிறது. கிளறிப் பார்த்தால் எல்லாவற்றின் அடியிலும் கிடப்பது ஒரே கேள்வி. இன்று மாலை ஒரு ஆள் உடம்போடு வந்து நிற்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், அந்த உடம்புக்குச் சோறு போடுவது யார்?

இரண்டரை மணி நேர உழைப்பு

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் வரவு செலவைத் துருவி ஆராய்ந்து 1966 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கலைக்குழு கடனில் விழுந்தால் நிர்வாகம் சரியில்லை என்போம், மக்களுக்கு ரசனை போய்விட்டது என்போம். அவர்கள் காட்டிய காரணம் இந்த இரண்டும் இல்லை. அடுத்த ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் பாமோல் அதைச் சின்னக் கணக்காகவே போட்டுவிட்டார். அரை மணி நேர இசைக்கோவை ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து வாசித்தால் செலவாகும் உழைப்பு இரண்டரை மணி நேரம். அதை எந்தக் கெட்டிக்காரராலும் குறைக்க முடியாது.

இருநூறு வருடத்துக்கு முன்பும் அதே இரண்டரை மணி நேரம்தான். அதற்குள் நெசவாலையில் ஒரு தொழிலாளி ஒரு நாளில் நெய்கிற துணி பல மடங்காகிவிட்டது. துணி பெருகியதால் அவருடைய கூலியை ஏற்ற முடிந்தது. ஊரெங்கும் கூலி ஏறும்போது வயலின்காரருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அவர் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஆனால் அவரால் ஆலைத் தொழிலாளியைப் போல உற்பத்தியைக் கூட்டிக் காட்ட முடியாது. இருமடங்கு வேகத்தில் வாசித்தால் அது இசையாக இருக்காது. ஆக, சம்பளம் ஏறும், உற்பத்தி ஏறாது, செலவு மட்டும் வருடா வருடம் மேலே போகும். இதற்குச் 'செலவு நோய்' என்றே பெயர் வந்துவிட்டது.

இந்தக் கணக்கைப் படித்தவர்கள் பலர், கலைக்குச் சாவுமணி அடித்துவிட்டார் பாமோல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது கிட்டத்தட்ட நேரெதிர். மற்ற தொழில்களில் உற்பத்தி பெருகப் பெருகச் சமூகத்தின் கையில் பணம் கூடுகிறது. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் இசைக்கலைஞருக்கும் கொடுக்க அதில் இடம் உண்டு. கொடுக்க மனம் இருக்கிறதா என்பதைக் கணக்கு தீர்மானிக்காது.

மேடையின் இன்னொரு தலைவலி சுவர். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் வாரத்துக்கு எட்டுக் காட்சி நடத்தினால் விற்கக்கூடியது எட்டாயிரம் டிக்கெட். நாடகம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் எட்டாயிரத்து ஒன்றாவது ஆளுக்கு இடமில்லை. சினிமா ஓடினால் அடுத்த ஊரில் இன்னொரு திரையில் போடலாம். நாடகம் ஓடினால், அதே நடிகரை இன்னும் எத்தனை முறை மேடையேற்றுவது? எனவே மிச்சமிருக்கும் ஒரே வழி விலை.

2025 வசந்தத்தில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் திரண்டிருக்கும் பிராட்வேயில் 'ஒதெல்லோ' நாடகம் நடந்தது. டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜிலன்ஹாலும் நடித்தார்கள். நல்ல இருக்கைகளுக்கு 921 டாலர். ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலர் வசூலித்து, இசை இல்லாத நாடகங்களில் அதுவரை இருந்த சாதனையை முறியடித்தது. சில வாரங்களிலேயே ஜார்ஜ் குளூனி நடித்த இன்னொரு நாடகம் அதையும் தாண்டியது. இதைப் பார்த்து நடிகர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்கு எட்டு முறை வந்து நிற்கத்தான் செய்தார்கள். நட்சத்திரத்தின் தேதி மூன்று நான்கு மாதத்துக்குத்தான் கிடைக்கும், போட்ட முதலை அதற்குள் எடுத்தாக வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதிலும் தப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில் விளைகிறது. 2024–25 பருவத்தில் பிராட்வேயின் மொத்த வசூல் 189 கோடி டாலர், அதுவரை காணாத தொகை. ஆனால் அரங்குக்கு வந்த தலைகளின் எண்ணிக்கை, பெருந்தொற்றுக்கு முந்தைய 2018–19 ஐத் தாண்டவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் திறந்த புதிய இசை நாடகங்களில் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. காரணம் ஊகிக்க முடிந்ததுதான். வருடத்துக்கு நாலு நாடகம் பார்த்தவர், விலையைப் பார்த்து ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒன்றில் பெயர் தெரியாத நாடக ஆசிரியரை நம்பிப் பணம் போட அவருக்கு மனம் வராது. தெரிந்த முகம், தெரிந்த கதை. இவ்வளவு கொடுத்து வந்தவர் முடிவில் எழுந்து நின்று கைதட்டாமல் போகவும் மாட்டார். தான் ஏமாறவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள வேண்டுமே.

பள்ளத்தில் இருப்பவர்கள்

சிக்கனம் என்று வந்துவிட்டால் முதல் கை விழுவது கண்ணுக்குத் தெரியாதவர்கள் மேல். இசை நாடகத்தில் அது மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பவர்கள்.

இது புதிய கதையும் இல்லை. மௌனப் படக் காலத்தில் திரையரங்குதோறும் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். 1927 க்குப் பிறகு பேசும் படம் வந்தது, சில வருடங்களில் அவர்கள் வெளியே. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1930 வாக்கில் பத்திரிகைகளில் தொடர் விளம்பரம் கொடுத்தது: எந்திர மனிதன் இசைக்கருவியோடு நிற்கும் கேலிப்படம் போட்டு, டப்பாவில் அடைத்த இசை வேண்டாம் என்று. படங்களைப் பார்த்தால் நேற்று வரைந்தது போல இருக்கும். விளம்பரம் எதையும் தடுக்கவில்லை.

2003 மார்ச்சில் பிராட்வேயின் இசைக்கலைஞர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய அரங்குகளில் குறைந்தது 24 முதல் 26 பேர் வாசிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். மறுத்தால் கணினி இசைக்குழுவை வைத்து நடத்துவோம் என்று ஒத்திகையும் பார்த்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்ததால் இசை நாடகங்கள் நின்றன. கடைசியில் 18, 19 என்று பேசி முடித்தார்கள்.

எனக்கு இவற்றில் மறக்க முடியாதது 'வார் ஹார்ஸ்' விவகாரம். பிரிட்டனின் தேசிய நாடக அரங்கு 2007 இல் தயாரித்த அந்த நாடகத்தின் நாயகன் ஒரு குதிரைப் பொம்மை. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு செய்தது. ஒரு குதிரையை மூன்று பேர் இயக்குவார்கள்: தலைக்கு ஒருவர், முன்கால்களுக்கும் மார்புக்கும் ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர். மூவரும் ஒரே மூச்சாக மூச்சுவிட்டால்தான் குதிரை உயிரோடு இருக்கும். காதைச் சிலிர்ப்பதற்கே ஒரு ஆளின் விரல் வேண்டும். இவ்வளவு உழைப்பையும் கண்ணெதிரே காட்டி, அதையே அதிசயமாக்கிய நாடகம் அது. அதே நாடகத்தில் 2014 இல், 2009 முதல் வாசித்துவந்த ஐந்து இசைக்கலைஞர்களை அனுப்பிவிட்டுப் பதிவு செய்த இசையை வைத்தார்கள். ஐவரும் நீதிமன்றம் போனார்கள். நாடகம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அரங்கின் படைப்புரிமை சார்ந்தது என்பதையும் கருத்தில் கொண்டு, அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட மறுத்துவிட்டார் நீதிபதி.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். மரக்குச்சியும் துணியுமான குதிரைக்கு மூன்று ஆள் அவசியம், ஊதுகுழலுக்கு ஆள் அவசியமில்லை என்ற முடிவுதான் எனக்கு விளங்கவில்லை. பார்வையாளர் கண்ணில் படுகிற உழைப்பு கலை, படாத உழைப்பு செலவு என்றுதானே ஆகிறது?

லண்டனில் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா' 2021 ஜூலையில் மறுபடி திறந்தபோது 27 பேர் இசைக்குழு 14 ஆகிவிட்டிருந்தது. விட்ட இடத்தைப் பிடிக்க விசைப்பலகைகள் வந்தன. பிராட்வேயில் 27 பேரோடு கடைசி வரை நடந்த அதே நாடகம், 13,981 காட்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 16 அன்று நிறுத்தப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தயாரிப்பாளரின் இக்கட்டும் புரியத்தான் செய்கிறது.

சிரிப்பு அடங்கும் இடம்

ஆனால் பதிவு செய்த ஒலி ஒன்றைச் செய்யாது. காத்திருக்காது.

மேடை மேலாளரின் இருக்கையிலிருந்து ஒரு நாடகத்தைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். சாய்வுப் பலகையில் பிரதி, அதன் ஓரமெல்லாம் பென்சில் கோடு. காதில் ஹெட்செட். 'எல்எக்ஸ் 47, ஸ்டேண்ட்பை' என்கிறார் தணிந்த குரலில், 47 ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இருங்கள் என்று பொருள். விளக்குப் பலகையிலிருந்து பதில் வருகிறது. மேடைப் பக்கவாட்டில் கதவைத் தள்ள நிற்பவருக்குப் பேச்சு கிடையாது, சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை எரிந்தால் தள்ள வேண்டும். மேடையில் நடிகர் ஒரு வேடிக்கை வசனம் சொல்கிறார். சிரிப்பு எழுகிறது. அதற்கடுத்த வசனத்தின் கடைசிச் சொல்லில் விளக்கு மாற வேண்டும், கதவு திறக்க வேண்டும்.

நேற்று அந்தச் சிரிப்பு மூன்று விநாடியில் அடங்கிவிட்டது. இன்று பின்வரிசையில் ஒருவருக்கு வேடிக்கை தாமதமாகப் புரிகிறது. அவர் தனியாக வெடித்துச் சிரிக்க, அதைக் கேட்டுக் கூட்டம் மறுபடி சிரிக்கிறது. நடிகர் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைக்கிறார், ஒத்திகையில் இல்லாத அசைவு அது. மேலாளர் பிரதியைப் பார்க்கவில்லை, நடிகரின் தோளைப் பார்க்கிறார். சிரிப்பு உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் தோள் லேசாக உயர்கிறது, மூச்சு எடுக்கிறார், வசனம் வருகிறது, 'கோ'. மூன்று இடங்களில் மூன்று கைகள் ஒன்றாக அசைகின்றன. பார்வையாளருக்கு இதில் எதுவும் தெரியாது. அன்றிரவு எழுதும் அறிக்கையில் முதல் பாதி நேற்றைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஓடியது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

நேரடிக் கலை என்று நாம் சொல்வதன் பொருள் இந்த ஒரு நிமிடம்தான் என்று தோன்றுகிறது. கூட்டம் நடிகரை மாற்றுகிறது, நடிகர் விளக்கை மாற்றுகிறார். இசையைப் பதிவில் போட்டுவிட்டால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இறுகிப்போகிறது. பாட்டுக்கு நடிகர் காத்திருக்க வேண்டும், நடிகருக்குப் பாட்டு காத்திருக்காது.

ஆள் வராவிட்டால்? பிரிட்டன் அரங்குகளில் 'ஹாஃப்' என்று ஒரு அழைப்பு உண்டு. பெயர் அரை மணி, கொடுப்பது 35 நிமிடம் முன்னால். திரை தூக்குவதற்கு 5 நிமிடம் முன்பே நடிகர்கள் தங்கள் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் எல்லா அழைப்பும் ஐந்து நிமிடம் முந்தும். அதற்குள் ஒரு நடிகர் வந்து சேரவில்லையென்றால் மாற்று நடிகர் உடை மாட்டத் தொடங்கிவிடுவார்.

மாற்று நடிகர்களிலேயே 'ஸ்விங்' என்று ஒரு வகை. குழுவில் பல பேருடைய பாத்திரத்தையும் இவர் பாடம் பண்ணி வைத்திருக்க வேண்டும். யார் எந்த எண்ணில் நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்தப் பாட்டில் நாற்காலியைத் தூக்குகிறார் என்பதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும். இரண்டு பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தால், இருவரின் அசைவுகளையும் வெட்டி ஒட்டி ஒரே ஆளாகச் செய்ய வேண்டியும் வரும். பல இரவுகள் அவர் மேடைக்கே வராமல் அரங்கின் உள்ளறையில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

2021 டிசம்பரில் ஒமிக்ரான் தொற்று பரவியபோதுதான் உலகம் இவர்களைப் பார்த்தது. 'தி மியூசிக் மேன்' நாடகத்தின் நாயகி நடிக்க முடியாத நாளில், எட்டுப் பாத்திரங்களுக்குத் தயாராக இருந்த கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங் நாயகியாக வந்தார். தான்தான் நாயகி என்று அவருக்குத் தெரிந்தது அன்று நண்பகலில். அந்தப் பாத்திரத்துக்கு அவருடைய முதல் ஒத்திகை ஒரு மணிக்கு. நாடகம் முடிந்ததும் ஹியூ ஜாக்மன் அவரை முன்னே அழைத்துக் கூட்டத்திடம் இதைச் சொன்ன காணொளி பரவியது. எல்லோரும் கண்கலங்கினோம். ஆனால் அது தொழில் தெரிந்தவர் தன் வேலையைச் செய்த நாள். ஸ்விங் வைத்துக்கொள்வதும் செலவுதான் என்பதால், அரங்கு ஒன்று எத்தனை ஸ்விங் வைத்திருக்கிறது என்று கேட்பது அந்த அரங்கின் யோக்கியதையை அறிய நல்ல வழி.

மேடையில் இல்லாத நேரம்

நடிகர் உழைக்கும் நேரத்தில் பெரும்பகுதி யாரும் பார்க்காதது. அதற்குக் கூலி உண்டா என்பது நூற்றாண்டுச் சண்டை. 1919 ஆகஸ்டில் அமெரிக்க நடிகர்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவரை ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் இலவசமாக ஒத்திகை பார்க்க வேண்டும், பலருக்கு உடையும் சொந்தச் செலவு. நாடகம் இரண்டே நாளில் நின்றுபோனால் அவ்வளவுதான்.

இதற்குப் பிரான்ஸ் கண்டுபிடித்த வழிதான் எனக்குத் தெரிந்ததில் ஆழமானது. அங்கே நடிகர்களும் மேடைத் தொழில்நுட்பக் கலைஞர்களும் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. 'இடைவிட்டு உழைப்பவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். இரண்டு நாடகத்துக்கு இடைப்பட்ட காலம் ஓய்வு இல்லை. அப்போதுதான் நடிகர் உடலையும் குரலையும் பழக்குகிறார், நாடக ஆசிரியர் எழுதுகிறார் என்பதை ஒரு காப்பீட்டு விதியே ஒப்புக்கொள்கிறது. 2003 இல் அந்த விதியை அரசு இறுக்கப் பார்த்தபோது அவர்கள் வேலையை நிறுத்தினார்கள், அந்த வருட அவிஞ்யோன் நாடக விழாவே ரத்தானது. அயர்லாந்து 2022 இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ என்று மூன்று வருடத்துக்கு அடிப்படை வருமானம் கொடுத்துப் பார்த்தது. அதை நிரந்தரமாக்கப் போவதாக 2025 இல் அறிவித்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரம் பண்பாட்டுக்கான 2025 நிதியில் சுமார் 13 கோடி யூரோவை வெட்டியது. கொடுக்க மனம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது.

உடம்பை வாங்கி வைத்துக்கொள்வது

திரைத்துறையில் இதே கதை வேறு வேடத்தில் வருகிறது. படம் பிடித்தாகிவிட்டது, நடிகர் இனி வர வேண்டாம். எனவே சண்டை, ஒருமுறை வந்த உடம்பை எத்தனை முறை விற்கலாம் என்பதில்.

1960 இல் ஹாலிவுட்டின் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொலைக்காட்சியில் படம் திரும்பத் திரும்பப் போடப்படும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. கிடைத்தது. அந்தப் பங்கில்தான் இரண்டு மூன்று தலைமுறை நடிகர்கள் வேலை இல்லாத மாதங்களைத் தள்ளினார்கள். இணையத் தளங்கள் வந்தபோது அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. தளத்தில் தொடர் எப்போதும் கிடக்கிறது, 'மறுஒளிபரப்பு' என்று ஒரு தருணமே இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணும் தளத்தின் பெட்டிக்குள். எண்ணாததற்குப் பங்கு கேட்பது எப்படி?

2023 இல் மறுபடி இரு தரப்பும் சேர்ந்து நின்றன. எழுத்தாளர்கள் மே 2 முதல் 148 நாள், நடிகர்கள் ஜூலை 14 முதல் 118 நாள். பார்வை எண்ணிக்கை சார்ந்த கூடுதல் தொகை வந்தது. ஏஐ எழுத்தாளராகக் கருதப்படாது என்று எழுதப்பட்டது. நடிகரின் உடலைக் கணினிப் பிரதி எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் அவருடைய சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்றும் எழுதப்பட்டது. சம்மதம் என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நாயக நடிகர் மறுக்கலாம். கூட்டத்தில் ஒருவராக நிற்க வந்தவர் மறுத்தால், மறுக்காத இன்னொருவர் வாசலில் நிற்பார்.

2025 செப்டம்பரில் டில்லி நார்வுட் என்று பெயரிட்ட கணினி 'நடிகை'யை ஒரு நிறுவனம் அறிமுகப்படுத்த, நடிகர் சங்கம் கொதித்தெழுந்தது. அது நடிகை இல்லை, எண்ணற்ற நடிகர்களின் வேலையிலிருந்து பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் என்பது சங்கத்தின் வாதம். நியாயமான வாதம். ஆனால் டில்லியைவிட என்னை யோசிக்க வைப்பது லண்டனில் 2022 மே 27 அன்று திறந்த 'அப்பா வாயேஜ்'. 'அப்பா' (ABBA) என்ற புகழ்பெற்ற ஸ்வீடன் இசைக்குழுவின் பாடகர்கள் நால்வரும் எழுபதுகளை எட்டிய வயதில் ஐந்து வாரம் உணரி பொருத்திய உடையில் ஆடிப் பாட, 160 கேமராக்கள் பதிவு செய்தன. அந்த அசைவுகளை வைத்து அவர்களுடைய இளவயது உருவங்களைக் கணினியில் உருவாக்கினார்கள். அதற்கென்றே கட்டிய, 3,000 பேர் கொள்ளும் அரங்கில் அந்த உருவங்கள் பாடுகின்றன. கூட்டம் ஆடுகிறது, அழுகிறது.

இதில் யாரும் ஏமாற்றப்படவில்லை. சம்மதம் உண்டு, பணம் உண்டு, வந்தவருக்கு எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். பாமோலின் நோய்க்கு மருந்தே கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்: பாடகர்கள் வீட்டில் இருக்கிறார்கள், நிகழ்ச்சி நடக்கிறது. ஆனால் மேடையின் ஒரு பக்கத்தில் பத்துப் பேர் கொண்ட இசைக்குழு நேரடியாக வாசிக்கிறது, காட்சிக்குக் காட்சி, உயிரோடு. இவ்வளவு பணம் கொட்டிப் பாடகர்களையே ஒளியால் செய்தவர்களுக்கு, டிரம்ஸைப் பதிவில் போடுவதா கஷ்டம்? போடவில்லை. யாராவது ஒருவர் வியர்க்காவிட்டால் கூட்டம் நம்பாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'வார் ஹார்ஸி'ல் பொம்மை உயிரோடு, இசை டப்பாவில். இங்கே பாடகர் டப்பாவில், இசை உயிரோடு.

ஒருவர், இருபத்தாறு பேர்

பஞ்சத்திலிருந்தே வடிவம் பிறப்பதும் உண்டு. அண்மைக் காலத்தில் ஒரே நடிகர் நடிக்கும் நாடகங்கள் பெருகியிருப்பதற்குச் செலவு ஒரு காரணம் என்பதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே'யைச் சிக்கன நாடகம் என்று ஒதுக்க முடியாது. 2020 இல் சிட்னியில் கிப் வில்லியம்ஸ் இயக்கியது. லண்டனிலும் நியூயார்க்கிலும் சாரா ஸ்னூக் நடித்து 2024 இல் ஒலிவியர் விருதும் 2025 இல் டோனி விருதும் வாங்கினார். 26 பாத்திரங்கள், நடிகர் ஒருவர். மேடையில் தொங்கும் திரைகளில் முன்பே பதிவான சாராக்கள், அவர்களோடு பேசும் உயிருள்ள சாரா, அவரை அங்கேயே படம் பிடித்துத் திரைக்கு அனுப்பும் கேமராக்காரர்கள். பதிவு காத்திருக்காது என்றேனே, அதையே இந்த நாடகம் கயிறாக்கி அதன் மேல் நடக்கிறது. பதிவான பாத்திரம் கேள்வி கேட்டு முடிக்கும் விநாடியில் மேடையில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மூச்சு தவறினால் 25 பேர் முன்னால் தனியாக மாட்டிக்கொள்வார். தன் உருவம் இளமையாகவே இருக்க விரும்பிய ஒருவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது.

கேமரா மேடையைக் கெடுத்துவிடும் என்ற பழைய பயமும் இப்போது அவ்வளவு இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா 2006 டிசம்பரிலும், லண்டன் தேசிய அரங்கு 2009 ஜூனிலும் நேரடி நிகழ்வைத் திரையரங்குகளுக்கு அனுப்பத் தொடங்கின. சுவருக்கு வெளியே நின்ற எட்டாயிரத்து ஒன்றாவது ஆளுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது. குளூனியின் நாடகத்தை 2025 ஜூன் 7 அன்று சிஎன்என் நேரலையாகவே ஒளிபரப்பியது. பெரிய அரங்குகளுக்கு இது வரவு. ஆனால் பக்கத்து ஊரின் சின்னக் குழு, தலைநகரின் தலைசிறந்த நடிகரோடு அதே வெள்ளிக்கிழமை மாலைக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. இது யாரும் உத்தேசிக்காத விளைவு, அதனாலேயே யாரும் பொறுப்பேற்காத விளைவு.

2020 மார்ச் 16 அன்று பெருந்தொற்றால் 'தி மவுஸ்டிராப்' முதல்முறையாக நின்றது. 2021 மே 17 அன்று மறுபடி திறந்தார்கள். மேடையில் எட்டுப் பாத்திரம். யாருக்கும் எந்நேரமும் தொற்று வரலாம் என்பதால் இரண்டு நடிகர் குழுக்களைத் தயார் செய்து மாறி மாறி இறக்கினார்கள். வானொலிக் குரலுக்கு மாற்று தேவைப்படவில்லை.